வெர்திக்கியோவைப் பழகிக்கொள்ள: மூன்று பாட்டில், நான்கு மாலை

வெர்திக்கியோ என்ற இத்தாலிய வெள்ளை ஒயினை முதல் தடவை குடித்த பலர் "இதற்கா இவ்வளவு பேச்சு?" என்றுதான் கேட்பார்கள். நானும் கேட்டவன்தான். கடலோர உணவகம் ஒன்றில் ஐஸ் வாளிக்குள் கழுத்து வரை முங்கிக் கிடந்த பாட்டிலை எடுத்து ஊற்றினார்கள். பல் கூசும் குளிர்ச்சி, கொஞ்சம் புளிப்பு, கடைசியில் அடிநாக்கில் ஒரு கசப்பு, முடிந்தது கதை. மீனோடு தொண்டையில் இறங்க ஏதோ ஒன்று, அவ்வளவுதான் என்று நினைத்து நாலைந்து வருடம் அந்தப் பெயர் இருந்த அலமாரிப் பக்கமே நான் போகவில்லை. அப்புறம் ஒரு நண்பர் பத்து வருடப் பாட்டில் ஒன்றைத் திறந்து, லேபிளைத் துணியால் சுற்றி மறைத்து, ஊற்றிக் கொடுத்தார். தேன் வாசம், சோம்பு, மழை நனைத்த கல்லின் வாசம். இது ஏதோ பெரிய இடத்து ஒயின் என்று ஊகித்துக்கொண்டே விழுங்கினேன், அடிநாக்கில் அதே கசப்பு வந்து நின்றது. ஆளை அடையாளம் காட்டியது அதுதான்.

இந்தத் திராட்சை ரகத்தை ஒரே மடக்கில் புரிந்துகொள்ள முடியாது, ஒரே பாட்டிலில் கூட முடியாது. மூன்று பாட்டில் வேண்டும், நான்கு மாலை வேண்டும். பெரிய செலவு இல்லை, இத்தாலியின் நல்ல வெள்ளை ஒயின்களில் விலை இன்னும் கட்டுக்குள் இருப்பவற்றில் இதுவும் ஒன்று.

பெயரிலிருந்து ஆரம்பிக்கலாம்

உச்சரிப்பு வெர்-திக்-கியோ. கடையில் "வெர்திச்சியோ" என்று கேட்பவர்கள் நிறைய, கடைக்காரருக்குப் புரிந்துவிடும், ஆனாலும் சரியாகச் சொல்லிப் பழகுங்கள். இத்தாலிய மொழியில் 'வெர்தே' என்றால் பச்சை, பெயர் அதிலிருந்து வந்தது. பழுத்த பிறகும் இந்தத் திராட்சையின் தோலில் பச்சைச் சாயல் போகாது. இளம் ஒயினைக் கோப்பையில் ஊற்றி வெள்ளைத் தாளின் மேல் சாய்த்துப் பிடித்தால் ஓரத்தில் அந்தப் பச்சை மினுமினுப்பைப் பார்க்கலாம்.

ஊர் மார்க்கே. மத்திய இத்தாலியின் கிழக்குப் பக்கம், ஒரு புறம் அட்ரியாட்டிக் கடல், மறுபுறம் அப்பென்னைன் மலைத்தொடர், நடுவில் அலையலையாகக் குன்றுகள். தலைநகர் அங்கோனா ஒரு துறைமுகம். மலைக்கு அந்தப் பக்கம் தொஸ்கானா, உம்ப்ரியா என்று சுற்றுலாப் பயணிகள் குவிகிற மாநிலங்கள் இருப்பதால் இந்தப் பக்கம் வருகிறவர்கள் குறைவு, ஒயின் விலை ஏறாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

மார்க்கே மக்கள் இதை எங்கள் மண்ணின் திராட்சை என்று உரிமையோடு சொல்வார்கள், சொல்லட்டும். ஆனால் மரபணுச் சோதனை செய்து பார்த்ததில் இதுவும், வடக்கே வெனெத்தோ பகுதியில் 'த்ரெப்பியானோ தி சோவாவே' என்று அழைக்கப்படுவதும், கார்தா ஏரிக்கரையில் 'துர்பியானா' என்று அழைக்கப்படுவதும் ஒரே ரகம் என்று தெரிந்துவிட்டது. கொள்ளைநோயால் ஆளில்லாமல் போன மார்க்கே கிராமங்களில் 15ஆம் நூற்றாண்டு வாக்கில் வடக்கிலிருந்து குடியேறியவர்கள் கொடிகளையும் கையோடு கொண்டுவந்திருக்கலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் ஊகம். பிறந்த வீடு எதுவானாலும் பெயர் வாங்கிக் கொடுத்தது மார்க்கேதான்.

இரண்டு பள்ளத்தாக்குகளையும் மனதில் வரைந்துகொள்ளுங்கள்

மார்க்கேயில் வெர்திக்கியோ பெயர் பெற்றது இரண்டு பள்ளத்தாக்குகளில். இதைத் தாண்டிப் போக அவசரப்படாதீர்கள், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் கிளம்புகிறது.

முதலாவது யேசி. எழுத்தைப் பார்த்து ஜேசி என்று படிக்க வேண்டாம், யேசி. பேரரசர் இரண்டாம் ஃபிரெடரிக் 1194 டிசம்பரில் பிறந்த ஊர் இது. எசினோ ஆறு மலையிலிருந்து இறங்கி யேசி வழியாக அங்கோனாவுக்கு வடக்கே கடலில் சேர்கிறது. ஆற்றின் இரு பக்கமும் குன்றுகளின் உச்சியில் மதில் சூழ்ந்த சிற்றூர்கள் இருக்கின்றன, அவைதான் 'காஸ்தெல்லி', அதாவது கோட்டை ஊர்கள். ஆக 'வெர்திக்கியோ தேய் காஸ்தெல்லி தி யேசி' என்றால் யேசியைச் சுற்றியுள்ள கோட்டை ஊர்களின் வெர்திக்கியோ. பெயர் நீளமாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், உள்ளே இருப்பது ஒரு முகவரிதான்.

ஆற்றின் இடது கரையில், அதாவது வடக்கே, மொந்தெகரொத்தோ, செர்ரா தே கொந்தி, போஜ்ஜோ சான் மார்ச்செல்லோ போன்ற ஊர்கள். வலது கரையில் குப்ரமொந்தானா, ஸ்தாஃபொலோ, இன்னும் மேலே ஏறினால் ஆப்பிரோ. இடது கரை ஒயின் கொஞ்சம் உருண்டு திரண்டு பழச்சுவையோடு வரும், வலது கரையில் உயரம் கூடக்கூடப் புளிப்பும் கூர்மையும் ஏறும் என்று பொதுவாகச் சொல்வார்கள். விதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், ஆனால் இரண்டு கரையிலிருந்தும் ஒவ்வொன்று வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்தால் அநேகமாக உண்மைதான் என்று தோன்றும்.

இரண்டாவது மத்தேலிக்கா. அதே எசினோ ஆறு பிறக்கும் பக்கம், மலைக்குள்ளே. மார்க்கேயின் பள்ளத்தாக்குகள் பெரும்பாலும் மலையிலிருந்து கடலை நோக்கி, மேற்கிலிருந்து கிழக்காக இறங்குபவை, கடற்காற்று நேராக உள்ளே நுழைந்துவிடும். மத்தேலிக்கா பள்ளத்தாக்கு மட்டும் வடக்கு தெற்காகக் கிடக்கிறது. கடலுக்கும் இதற்கும் நடுவில் மொந்தே சான் விச்சீனோ முதலான மலைகள் குறுக்கே நிற்கின்றன. சான் விச்சீனோவின் உயரம் 1,479 மீட்டர். கடலின் மிதமான காற்று எட்டாததால் பகலில் நல்ல வெயில், ராத்திரியில் நடுங்கும் குளிர். பகல் வெயிலில் சர்க்கரை சேர்கிறது, ராத்திரிக் குளிரில் புளிப்பு கரையாமல் நிற்கிறது. அதனால் மத்தேலிக்கா ஒயினில் உடலும், அதாவது வாயில் உணரும் கனமும், இருக்கும், அதைத் துளைத்துக்கொண்டு போகும் அமிலமும் இருக்கும். பரப்பில் யேசிக்குப் பக்கத்தில் வைத்தால் இது ஒரு சின்ன மூலை, ஆகவே கடைகளில் தேட வேண்டியிருக்கும். தேடுங்கள்.

எனக்கு இரண்டில் எது பிடிக்கும் என்று கேட்டால், வெயில் காலத்தில் மத்தேலிக்கா, மற்ற நாட்களில் யேசி. கேட்ட ஆள் போனதும் மாற்றிச் சொன்னாலும் சொல்வேன்.

லேபிளைப் படிப்பது

மத்தேலிக்காவுக்கு டிஓசி தகுதி 1967இல் வந்தது, யேசிக்கு 1968இல். டிஓசி என்பது இந்த இடத்தில் விளைந்தது, இந்த விதிப்படி செய்தது என்ற சட்டப்பூர்வ முத்திரை. இரண்டிலும் குறைந்தது 85 சதவீதம் வெர்திக்கியோ இருக்க வேண்டும். நல்ல தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் முழுக்க முழுக்க இதையே போடுகிறார்கள்.

'கிளாஸிக்கோ' என்றிருந்தால் யேசி வட்டாரத்தின் பழைய, மையப் பகுதியிலிருந்து வந்தது. 'சுப்பீரியோரே' என்றிருந்தால் ஆல்கஹால் குறைந்தது 12 சதவீதம், விளைச்சலுக்கும் கடுமையான வரம்பு. கடையில் நின்று யோசிக்க நேரமில்லையென்றால் 'கிளாஸிக்கோ சுப்பீரியோரே' என்ற இரண்டு சொற்களையும் சேர்த்துப் பாருங்கள், பெரும்பாலும் ஏமாற மாட்டீர்கள்.

'ரிசெர்வா' இன்னொரு படி மேலே. 2010இல் இரண்டு பள்ளத்தாக்குகளின் ரிசெர்வாவுக்கும் டிஓசிஜி என்ற உயர்ந்த தகுதி கிடைத்தது. விற்பனைக்கு வருமுன் குறைந்தது 18 மாதம் வைத்திருக்க வேண்டும். இங்கே ஒரு குழப்பம் உண்டு: யேசி ரிசெர்வாவில் சொற்களை இடம் மாற்றி 'காஸ்தெல்லி தி யேசி வெர்திக்கியோ ரிசெர்வா' என்று போடுவார்கள், வேறு ஏதோ ஒயின் என்று நினைத்துக் கடந்துபோய்விடாதீர்கள். இன்னொன்று, ரிசெர்வா என்றதும் ஓக் பீப்பாயில் ஊறியது என்று நினைப்பவர்கள் உண்டு. விதி காலத்தைச் சொல்கிறதே தவிர மரத்தைச் சொல்லவில்லை. எஃகுத் தொட்டியிலோ சிமெண்ட் தொட்டியிலோ வளர்ந்த அருமையான ரிசெர்வாக்கள் இருக்கின்றன.

அந்த வளைவு பாட்டில்

பழைய ஆட்கள் வெர்திக்கியோ என்றதும் இடுப்பு ஒடுங்கிய பச்சை பாட்டிலைத்தான் நினைப்பார்கள். ஃபாட்ஸி பத்தாலியா என்ற நிறுவனம் 1953இல் ஒரு போட்டி வைத்து, கட்டடக் கலைஞர் அந்தோனியோ மயோக்கி வரைந்த வடிவத்தைத் தேர்ந்தெடுத்தது. பழங்கால ஆம்போரா ஜாடியை நினைவூட்டும் உருவம், கழுத்தில் ஒரு சின்னச் சுருள் காகிதம். அது உலகம் முழுக்கப் போனது, வெர்திக்கியோவின் பெயரும் கூடவே போனது. ஆனால் பெயரோடு சேர்ந்து இது விலை குறைந்த மீன் ஒயின் என்ற எண்ணமும் பரவிவிட்டது, அதை உதறத் தயாரிப்பாளர்களுக்குப் பல பத்தாண்டுகள் ஆயின. 1980களில் வில்லா பூச்சி போன்ற சில தயாரிப்பாளர்கள் விளைச்சலைக் குறைத்து, பெரிய பழைய ஓக் பீப்பாய்களில் நிதானமாக வளர்த்து, பத்து பதினைந்து வருடம் தாங்கும் ஒயினை வெளியிட்ட பிறகுதான் காற்று திசை மாறியது.

இப்போதும் சிலர் ஆம்போரா பாட்டிலைப் பார்த்தாலே முகம் சுளிக்கிறார்கள். அது தேவையில்லை, ஆனால் இந்த ரகத்தைப் படிக்க அதிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதும் இல்லை.

மூன்று பாட்டில் வாங்குங்கள்

முதல் பாட்டில், ஒன்றோ இரண்டோ வருடமே ஆன கிளாஸிக்கோ சுப்பீரியோரே, மரம் தொடாதது. உமானி ரோங்கி நிறுவனத்தின் காசால் தி செர்ரா, சர்தரெல்லியின் த்ரலிவியோ, தெனுத்தா தி தவிஞ்ஞானோவின் மிஸ்கோ, கரோஃபோலியின் 'போதியும்' என்று நிறைய உண்டு. இதில் 'போதியும்' கொஞ்சம் தாமதமாகவே வெளியே வரும், அதுவே ஒரு பாடம்தான்.

இரண்டாவது பாட்டில் மத்தேலிக்கா, அதுவும் இளையது. கொல்லெஸ்தெஃபனோ என்ற தயாரிப்பாளர் எஃகுத் தொட்டியில் செய்யும் ஒயின் எனக்குத் தெரிந்து விலைக்கு மிக நியாயமானது: எலுமிச்சைத் தோல், உப்பு, நிமிர்ந்த புளிப்பு. கிடைக்காவிட்டால் பிஷ்ஷி, அல்லது பெலிசாரியோ கூட்டுறவின் ஒயின். கூட்டுறவு என்றதும் மட்டம் என்று நினைக்காதீர்கள், அந்தப் பள்ளத்தாக்கில் பெரிய பங்கு அவர்களுடையது, வேலையும் சுத்தம்.

மூன்றாவது பாட்டில் ஒரு ரிசெர்வா, அறுவடை முடிந்து குறைந்தது ஐந்து வருடம் ஆனது. லா மொனசெஸ்காவின் 'மீரும்', பியெவால்தாவின் சான் பவோலோ, வில்லா பூச்சி ரிசெர்வா, ஆந்த்ரேயா ஃபெலீச்சியின் இல் காந்திக்கோ தெல்லா ஃபிகுரா. இதில்தான் கொஞ்சம் பணம் போகும். முடியாவிட்டால் முதல் பாட்டிலை இரண்டாக வாங்கி ஒன்றை நாலு வருடம் ஒளித்து வையுங்கள், அது இன்னும் நல்ல படிப்பு.

ஆண்டைப் பற்றி ஒரு வார்த்தை. 2023இல் வசந்தம் முழுக்க மழை, இலைகளில் டவுனி மில்டியூ என்ற பூஞ்சை நோய், இத்தாலியின் அட்ரியாட்டிக் பக்கம் அறுவடை பயங்கரமாகக் குறைந்தது. போதாததற்கு இந்த ரகம் பூஞ்சைக்கு எளிதில் மடங்கிவிடும். அந்த ஆண்டு ஒயின் குறைவாகக் கிடைக்கிறதே தவிர மோசம் என்று பொருள் இல்லை, கவனமாகப் பொறுக்கியவர்கள் நன்றாகவே செய்திருக்கிறார்கள். பொதுவாக, கடையில் நாலு வருடமாக ஜன்னல் வெயிலில் நின்ற பாட்டிலை எடுக்காதீர்கள்; ஆண்டு எதுவாக இருந்தாலும் வெயில் அதைக் கொன்றிருக்கும்.

தோட்டத்தில் என்ன நடக்கிறது, சுருக்கமாக

வெர்திக்கியோ கொடியின் கொம்பில் அடியில் இருக்கும் மொட்டுகள் சரியாகக் காய்க்காது. அதனால் குட்டையாக வெட்டினால் விளைச்சல் போச்சு. கொம்பை நீளமாக விட்டு, வில் மாதிரி வளைத்து, நுனியைக் கீழ்நோக்கிக் கட்டுவது அங்கே பழைய வழக்கம். பழுக்க நேரம் எடுக்கும் ரகம், செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபருக்குள் அறுவடை, மத்தேலிக்காவில் இன்னும் கொஞ்சம் தள்ளி. முழுக்கப் பழுத்த பிறகும் புளிப்பைக் கைவிடாது என்பதுதான் இதன் பெரிய பலம். அதனால்தான் இதே திராட்சையில் நுரைக்கும் ஒயினும் செய்கிறார்கள், பழத்தை உலர்த்திச் செய்யும் பாஸ்ஸீத்தோ என்ற இனிப்பு ஒயினும் செய்கிறார்கள். இந்த இரண்டு எல்லைக்கும் தாங்குகிற ரகங்கள் அதிகம் கிடையாது.

திறப்பதற்கு முன்

ஐஸ் வாளி வேண்டாம். நான் முதல் தடவை ஏமாந்ததே அதனால்தான். குளிர் கூடினால் வாசம் உறங்கிவிடும், புளிப்பும் கசப்பும் மட்டும் முன்னால் வந்து நிற்கும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து இருபது நிமிடம் மேசையில் வையுங்கள். இளசுக்கு 10 டிகிரி செல்சியஸ் பக்கம் போதும், ரிசெர்வாவுக்கு 12, 13 வரை போகலாம். வெப்பமானி தேட வேண்டாம். பாட்டிலைத் தொட்டால் ஜில்லென்று இருக்க வேண்டும், கை விறைக்கக் கூடாது.

கோப்பை நடுத்தர அளவு, வயிறு கொஞ்சம் அகன்று வாய் குறுகியது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள், சுழற்ற இடம் வேண்டும். எப்போதும் ஒரே மாதிரிக் கோப்பையைப் பயன்படுத்துங்கள், இல்லாவிட்டால் ஒயினைப் படிக்கிறீர்களா கண்ணாடியைப் படிக்கிறீர்களா என்று தெரியாமல் போகும்.

முதல் மாலை: இளைய யேசி

சுழற்றாமல் ஒரு தடவை முகருங்கள், சுழற்றி இன்னொரு தடவை. மூக்கைத் தூக்கி அடிக்கும் வாசம் எதுவும் வராது, ஏமாற்றம் வேண்டாம். சோவினியோன் பிளாங்க் மாதிரி தூரத்திலிருந்தே கூப்பிடும் ரகம் இல்லை இது. பச்சை ஆப்பிள், எலுமிச்சைத் தோல், ஏதோ வெள்ளைப் பூ, அப்புறம் கொஞ்சம் பொறுத்தால் சோம்பு. சோம்பைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. நமக்கெல்லாம் சோம்பு வாசம் சமையலறையிலேயே பழக்கம் என்பதால் இது சீக்கிரம் கைக்கு வரும், ஒயின் புத்தகங்களில் வரும் கூஸ்பெர்ரி, குயின்ஸ் போன்ற வெளிநாட்டுப் பழங்களைத் தேடித் திணற வேண்டாம்.

இப்போது ஒரு வாய். விழுங்கிவிட்டுத் தலையைக் கொஞ்சம் குனிந்து வாயை மூடி வைத்திருங்கள், எச்சில் எவ்வளவு ஊறுகிறது என்று கவனியுங்கள். அதுதான் புளிப்பின் அளவுகோல். வெர்திக்கியோவில் நன்றாக ஊறும்.

அடுத்து கசப்பு. பத்து நொடி கழித்து அடிநாக்கில் வரும். பாதாம் பருப்பைத் தோலோடு மென்றால் கடைசியில் மிஞ்சுமே, அந்தக் கசப்பு. திராட்சைத் தோலில் உள்ள பீனால் வகைப் பொருட்களிலிருந்து வருவது. இனிப்பையும் பழத்தையும் மட்டுமே எதிர்பார்த்து வளர்ந்த நாக்குக்கு இது குறையாகத் தெரியும். அறுசுவையில் கசப்புக்கும் ஒரு இடம் கொடுத்து, பாகற்காயையும் சுண்டைக்காயையும் விரும்பித் தின்கிறவர்களுக்கு இதில் என்ன பயம்? அளவுதான் கேள்வி. நல்ல வெர்திக்கியோவில் கசப்பு வந்து, வாயைச் சுத்தம் செய்து, அடுத்த வாய்க்கு வழிவிட்டுப் போகும். மட்டமானதில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அரை பாட்டிலை மிச்சம் வைத்து, கார்க்கை அழுத்தி ஃப்ரிட்ஜில் வையுங்கள். இதை மறக்காதீர்கள்.

இரண்டாம் மாலை: மிச்சமும் மத்தேலிக்காவும்

நேற்றைய மிச்சத்தை முதலில் ஊற்றுங்கள். பல வெள்ளை ஒயின்கள் மறுநாள் தளர்ந்து, வாடின ஆப்பிள் மாதிரி ஆகிவிடும். நல்ல வெர்திக்கியோ மறுநாள்தான் வாயைத் திறந்து பேசும்: சோம்பு தெளிவாகும், பழம் சற்றுக் கூடும், கசப்பும் பழமும் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். இளசாக இருக்கும்போது தன்னை மூடி வைத்துக்கொள்ளும் குணம் இது. நேற்றைய பாட்டில் இன்று சப்பென்று இருந்தால் தயாரிப்பாளரை மாற்றுங்கள்.

இப்போது மத்தேலிக்காவைத் திறந்து பக்கத்தில் வையுங்கள். ஒரே ரகம், நடுவில் ஒரு மலை. யேசி வாயில் அகலமாகப் பரவும், மத்தேலிக்கா நேர்கோட்டில் போகும் என்பது என் அனுபவம். உப்புச்சுவை மாதிரி ஒன்று கடைசியில் தெரியலாம், தாது என்று ஒயின்காரர்கள் சொல்வது அதைத்தான். மண்ணிலிருந்து கல்லைக் கரைத்துக் குடித்து வருகிறது என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள், புளிப்பும் குறைவான பழவாசமும் சேரும்போது வாய் அப்படி உணர்கிறது, அவ்வளவே.

மூன்றாம் மாலை: சாப்பாட்டோடு

முதல் இரண்டு பாட்டிலில் மிச்சம் இருந்தால் அதுவே போதும், இல்லாவிட்டால் இன்னொரு இளசு. அங்கோனாவில் 'ப்ரொதெத்தோ' என்ற மீன் குழம்பு உண்டு, வழக்கப்படி பதின்மூன்று வகை மீன் போட வேண்டும் என்பார்கள், தக்காளியும் வினிகரும் சேரும். வினிகரோடு சேர்ந்தால் பல ஒயின்கள் படுத்துவிடும். வெர்திக்கியோவுக்குச் சொந்தப் புளிப்பு இருப்பதால் நிற்கும். போர்த்தோநோவோ கடற்கரைப் பாறைகளில் தானாக வளரும் 'மோஷோலி' சிப்பிகளை வெறுமனே திறக்கவைத்து எலுமிச்சை பிழிந்து தின்பதும் அங்கே வழக்கம், இளைய யேசிக்கு அதைவிடப் பொருத்தம் எனக்குத் தெரியாது.

ஆனால் மீனோடு நிறுத்திவிடாதீர்கள், அந்தப் பழைய எண்ணத்துக்குள் மறுபடி விழுந்துவிடுவோம். மார்க்கேயின் உள்நாட்டுச் சமையலில் முயலையும் வாத்தையும் காட்டுச் சோம்பும் பூண்டும் அடைத்துச் சுடுவார்கள், 'இன் போர்க்கெத்தா' என்று பெயர். ஒயினில் இருக்கும் சோம்பும் இறைச்சியில் இருக்கும் சோம்பும் சந்திக்கும் இடம் அது, அதற்கு ரிசெர்வா. இறைச்சியை அடைத்து, மாவில் புரட்டிப் பொரிக்கும் அஸ்கோலி ஆலிவ் காய்களுக்கு இளசு, எண்ணெயை அப்படியே துடைத்துவிடும். அடுக்கடுக்காகச் சுடும் வின்ச்சிஸ்கிராஸ்ஸி என்ற பாஸ்தாவுக்குச் சிலர் சிவப்பைத் தேடுவார்கள், நான் மத்தேலிக்கா ரிசெர்வாவையே வைப்பேன்.

தேங்காய்ப்பால் ஊற்றின மீன் சொதியோடு முயன்றிருக்கிறேன், நன்றாகவே போனது. மிளகாய் தூக்கலாக இருந்தால் மட்டும் வேண்டாம். காரமும் ஆல்கஹாலும் சேர்ந்து கசப்பை முரட்டுத்தனமாக்கிவிடும்.

நான்காம் மாலை: ரிசெர்வா

ஒரு மணி நேரம் முன்பே திறந்து வையுங்கள். நிறம் பச்சையிலிருந்து வைக்கோலுக்கும் பொன்னுக்கும் நகர்ந்திருக்கும். வாசத்தில் தேன், உலர்ந்த பூ, வறுத்த பாதாம், சில பாட்டில்களில் பெட்ரோல் மாதிரி ஒரு மெல்லிய சாயல் கூட வரும், ரீஸ்லிங் குடித்துப் பழகியவர்களுக்கு அது புதிதல்ல. வாயில் கனம் கூடியிருக்கும். நொதித்து முடிந்து அடியில் தங்கும் ஈஸ்ட் மண்டியோடு மாதக்கணக்கில் கிடந்ததன் விளைவு அது. புளிப்பு மட்டும் முதல் நாள் பார்த்த அதே இடத்தில் நிற்கும். கசப்பும் வரும், இப்போது வறுத்த வாசத்தோடு.

ஓக் தூக்கலான ரிசெர்வா கிடைத்துவிட்டால், அதாவது வெனிலாவும் தேங்காயும் மட்டும் மணந்தால், அது ரகத்தின் குற்றம் இல்லை, புதுச் சின்னப் பீப்பாயின் வேலை. 1990களில் இந்த மோகம் இத்தாலி முழுக்க இருந்தது, இப்போது குறைந்திருக்கிறது. பெரிய பழைய பீப்பாயில் வளர்ந்ததில் மரவாசம் தெரியவே தெரியாது.

ஈரமான அட்டைப்பெட்டி, நனைந்த நாய் வாசம் வந்தால் கார்க் கெட்டுப்போன பாட்டில், காற்றுப் பட்டால் சரியாகும் என்று காத்திருக்காதீர்கள், ஆகாது. கடைக்குத் திருப்பிக் கொடுங்கள். அடர்ந்த பழுப்பு நிறமும் நசுங்கின ஆப்பிள் வாசமும் சேர்ந்து வந்தால் காற்று உள்ளே போய்விட்டது. அடியில் கண்ணாடித் துகள் மாதிரிப் படிகம் தெரிந்தால் பயப்பட வேண்டாம், டார்டாரிக் அமிலம் உப்பாகப் படிந்தது, அபாயம் எதுவும் இல்லை.

நீங்களே பழையது ஆக்க நினைத்தால்

கிளாஸிக்கோ சுப்பீரியோரேயை ஐந்தாறு வருடம் தாராளமாக வைக்கலாம், நல்ல ரிசெர்வாவைப் பத்துக்கு மேலும். இருட்டு, ஏறத்தாழ 13 டிகிரி, ஏற்ற இறக்கம் இல்லாத வெப்பம், கார்க் நனைந்திருக்கப் படுக்கை வசம். இந்த வசதி இல்லாத வெப்பமான வீட்டில் வைத்துவிட்டு நாலு வருடம் கழித்து ரகத்தைத் திட்டக் கூடாது. பெட்டியாக ஆறு வாங்கி வருடத்துக்கு ஒன்று திறப்பதுதான் நான் செய்வது. மூன்றாவது வருடம் ஏதோ சோர்ந்து போன மாதிரித் தெரியும், அவசரப்பட்டு மிச்சத்தைத் தீர்த்துவிடாதீர்கள், ஐந்தாவது வருடம் எழுந்து வரும். எல்லாப் பாட்டிலும் வராது, என்னுடையதில் இரண்டு வரவே இல்லை.

உறவுக்காரர்களையும் பார்த்துவிடுங்கள்

கார்தா ஏரியின் தென்கரையில் லுகானா என்ற ஒயின், 1967இல் டிஓசி பெற்றது. களிமண் நிலம், ஏரியின் மிதமான காற்று, அதே மரபணு. குடித்தால் இன்னும் மிருதுவாக, பீச் பழம் பக்கம் சாய்ந்து இருக்கும். கசப்பு இருக்கும், தணிந்த குரலில். சோவாவே ஒயினில் கார்கனேகா ரகத்தோடு 30 சதவீதம் வரை த்ரெப்பியானோ தி சோவாவே சேர்க்கலாம் என்பதால், அறியாமலே நீங்கள் அங்கேயும் இதைச் சந்தித்திருக்கலாம். ஆனால் வெறும் 'த்ரெப்பியானோ' என்று போட்டதெல்லாம் சொந்தம் இல்லை, அந்தப் பெயரில் தொடர்பே இல்லாத ரகங்கள் பல உண்டு.

நேரில் போக முடிந்தால்

அங்கோனாவிலிருந்து ரோம் போகும் ரயில் பாதை எசினோ ஆற்றை ஒட்டியே ஏறுகிறது. யேசியில் இறங்கி மதிலுக்குள் அரை நாள் நடக்கலாம். குப்ரமொந்தானாவுக்கு மேலே ஏறினால் ஒயின் லேபிள்களுக்கென்றே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது, அக்டோபர் தொடக்கத்தில் போனால் ஊரே திராட்சைத் திருவிழாவில் இருக்கும். மலைச்சாலை வளைவுகள் ஒயினுக்கு ஒத்துவராது, வண்டி ஓட்டுகிறவர் துப்பிவிட்டுத்தான் ருசிக்க வேண்டும், எல்லா இடத்திலும் அதற்கு வாளி வைத்திருப்பார்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

அப்புறம் அதே ரயிலில் மேலே போய், ஃபப்ரியானோவில் இறங்கி, சிவித்தநோவா போகும் கிளைப்பாதையின் சின்ன ரயிலைப் பிடித்தால் மத்தேலிக்கா. வழியில் மலை இடுக்கு ஒன்றைக் கடந்ததும் காற்றின் வாசம் மாறிவிடும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். சாயங்காலம் தோட்டத்துப் பக்கம் போகிறவர்கள் ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், ஆகஸ்ட் மாதமாக இருந்தாலும்.